மூக்குக்கு ஒரு சொட்டு, ரெக்கைக்கு ஒரு ஊசி

கோழிக்கு ஊசி போடுகிறவன், விடிந்து வீட்டுக்காரர்கள் கோழி அடைத்த பஞ்சாரக் கூடையைத் தூக்குவதற்குள் ஊருக்குள் நுழைய வேண்டும். அந்த நேரத்தில் வருகிறவனை நாய்கூடக் கோழித் திருடன் என்றுதான் நினைக்கும். மருந்து கெடாமல் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு சைக்கிள் மிதித்த சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் சாணார்பட்டிப் பக்கம் எனக்கு இந்த உத்தியோகம்.

சாதுவும் போக்கிரியும்

அங்கே ஒரு வீட்டில் பேச்சியம்மா பஞ்சாரத்தைத் திறக்கவே மாட்டேன் என்றாள். முந்தின வருஷம் யாரோ பெரிய கோழிக்கான ஊசியைக் குஞ்சுகளுக்குக் குத்தி, அத்தனையும் கழுத்து திருகிச் செத்திருந்தன. இந்தக் குஞ்சுகள் தலை ஆடிக்கு வரும் மாப்பிள்ளைக்காக வளர்வது. இதுவும் போனால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்றாள்.

கோழிகளைக் கூட்டமாகச் சாய்க்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கிருமி ஒன்றுதான், வகையறா பல என்று விளக்கினேன். ஒன்று கொலைகாரன். ஒன்று பாதி அடங்கிய முரடன். அது ஊசியில் இருக்கிறது, பெரிய கோழிதான் தாங்கும். இன்னொன்று பரம சாது. அதைக் குஞ்சு மூக்கில் ஒரு சொட்டு விட்டால் போதும், பின்னால் கொலைகாரன் வந்தாலும் பாச்சா பலிக்காது. பேச்சியம்மா பஞ்சாரத்தைத் தூக்கினாள்.

"ஒரு வகுத்துல பெறந்ததுல ஒண்ணு சாது, ஒண்ணு போக்கிரிங்கிறீக. எங்க வீட்லயும் அப்படித்தான் சார். சொட்டு விடுங்க."

பாதிக் கோழி

அடுத்து தாய்க்கோழிக்கு ஊசியை எடுத்தேன். பேச்சியம்மாவின் நாத்தனார் ராக்காயி ஓடி வந்து தடுத்தாள். அது வாரத்துக்கு விட்ட கோழி. வாங்கியது அவள், வளர்ப்பது இவள், தாயிலும் குஞ்சிலும் ஆளுக்குப் பாதி. போன வருஷம் பட்டது போதும், தன் பாதியில் ஊசி படக்கூடாது என்று ஒரே பிடிவாதம். பேச்சியம்மா அலட்டிக்கொள்ளாமல் கோழியைத் திருப்பிப் பிடித்தாள்.

"ரெக்கை ரெண்டு இருக்குல்ல? எம் பங்கு ரெக்கையில குத்துங்க சார்."

சித்திரையில்

சித்திரையில் நோய் வந்தது. தெருவெல்லாம் பஞ்சாரம் காலி. ராக்காயி தனியாக வளர்த்த கோழிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பேச்சியம்மா வீட்டுக் குப்பைமேட்டில் மட்டும் தாயும் குஞ்சுகளும் சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆளில்லாத ரோட்டில் மணியடித்துக்கொண்டே சைக்கிள் விட்டேன்.

ஆடியில் மாப்பிள்ளைக்குச் சேவல் குழம்பு, எனக்கும் ஒரு இலை. அதற்கப்புறம் ஊசி போடப் போனபோது தெருவே கோழியும் கையுமாக நின்றது. முதல் ஆள் ராக்காயி, கக்கத்தில் புதுக்கோழி. நான் ஒரு ரெக்கையை விரித்தேன்.

"ரெண்டு ரெக்கையிலயும் போடுங்க சார். இது முழுசா எங்கோழி."

இப்படியாக ஊரையே ஜெயித்தேன், அந்தத் தெரு நாயைத் தவிர. அது கடைசிவரை என்னைக் கோழித் திருடன் என்றுதான் நம்பியது.