பதினேழாவது வரியை நீக்கியது நான்தான்

அடுத்தவர் நேற்று என்ன சாப்பிட்டார் என்று விசாரித்து, அதை எண்ணாக்கி, அந்த எண் மற்ற எண்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதன்மேல் சந்தேகப்படுவதுதான் என் தொழில்.

எக்ஸெல் கட்டங்களுக்குள் கண்ணைத் தொலைத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: சிங்கப்பூரில் தனியாக வாழும் இருபத்து நான்கு தமிழர்கள், ஒரு நாள் உணவு, ஆளுக்கு ஒரு வரி; சில மாதம் கழித்து அதே ஆட்களிடம் இரண்டாம் சுற்று. கூட்டத்தைவிட்டு வெகுதூரம் விலகி நிற்கும் எண்ணுக்கு அவுட்லையர் என்று பெயர். அது எழுதியவரின் தவறா, சொன்னவரின் பொய்யா, அல்லது உண்மையேதானா என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருட ஒப்பந்த வேலை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எங்கே தவறு செய்துவிடுவேனோ என்ற பயம் காலையில் எம்ஆர்டி ரயிலில் என்னோடு சேர்ந்தே ஏறும்.

அரிசியும் சோறும்

முதலில் விலகி நின்றவர் பிடோக்கில் இருக்கும் ஓர் அங்கிள். ஒரே நாளில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கலோரி. நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒல்லியான மனிதர். இரண்டு நாள் அவர்மேல் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் என் பதிவைப் பிரித்துப் பார்த்தால், அவர் மூன்று வேளையும் சாப்பிட்ட சோற்றை, உணவுப் பட்டியலில் 'ரைஸ்' என்று முதலில் வந்த பெயரில் பதிந்திருந்தேன். அது வேகாத அரிசி. கிட்டத்தட்ட ஒரு கிலோ அரிசியை அந்த மனிதர் அப்படியே மென்று தின்றதாகக் கணக்கு. 'வேகவைத்தது' என்று மாற்றியதும் எண் பாதிக்கும் கீழே இறங்கிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

ஹாக்கர் சென்டர் உணவுக்கடைகளில் தட்டு எடுக்கும் வேலை பார்க்கும் என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அரிசிக்கும் சோத்துக்கும் வித்தியாசம் தெரியாம இருக்கத்தான் நாலு வருசம் படிச்சியா?"

டாக்டர் சொன்ன சாப்பாடு

தேக்கா பக்கம் இருக்கும் பார்வதி ஆன்ட்டியின் வரி எனக்கு மிகவும் பிடித்தது. பழுப்பரிசி, கீரை, வேகவைத்த மீன், ஓர் ஆப்பிள். எல்லா எண்களுக்கும் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒருவர் இருந்தால் தரவு சுத்தமாக இருக்கிறது என்று மனசுக்குள் நிம்மதி வரும்.

ஒரு மதியம் தேக்கா சந்தையில் அவரைப் பார்த்தேன். முன்னால் மட்டன் பிரியாணி, பக்கத்தில் பெரிய கிளாஸில் பண்டுங், சர்க்கரை தூக்கலான ரோஸ் பால். என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் கூசாமல் உட்காரச் சொன்னார். நான் எழுதிக்கொண்டு போன அன்றைக்கு முதல் நாளும் இதேதானாம். "பின்ன என்ன லா, கழுத்துல அட்டைய மாட்டிக்கிட்டு வந்து கேட்டா, டாக்டர் சொன்னதைத்தானே சொல்ல முடியும்?"

நானூற்று முப்பது

பதினேழாவது வரி சவரிமுத்து அங்கிளுடையது. குவீன்ஸ்டவுனில் ஓரறை வாடகை வீடு. செக்யூரிட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கொடுத்த தாளைத் தானே நிரப்பி அனுப்பியிருந்தார். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு நானூற்று முப்பது கலோரி. மற்றவர்களில் யாரும் ஆயிரத்துக்குக் கீழே இல்லை.

எங்கள் விதிப்படி, ஐந்நூறு கலோரிக்குக் கீழே உண்மையாகவே ஒருவர் சாப்பிடுகிறார் என்றால் உடனே தாதிக்குத் தகவல் போகும். பிழை என்று நீக்கப்பட்ட வரிக்கு எந்தத் தகவலும் போகாது. திட்டத்தை நடத்தும் டாக்டர் புவனாவிடம் காட்டினேன். அவர் வேறொரு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். "இருபத்து நாலு பேர்தான் இருக்காங்க, ஒருத்தரே சராசரிய இழுத்துக் கீழ போட்டுருவாரு. கேட்டுப் பாரு, தப்புன்னா எடுத்துடு."

எண் இல்லாத உணவு

'கேட்டுப் பாரு' என்பதை நான் ஒரே ஒரு தொலைபேசி அழைப்போடு முடித்தேன். அவர் எடுக்கவில்லை. அரிசி விஷயத்துக்குப் பிறகு எல்லாமே என் பிழையாகத்தான் தெரிந்தது. 'பதிவுப் பிழையாக இருக்கலாம்' என்று குறிப்பு எழுதி வரியை நீக்கினேன். சராசரி நிமிர்ந்தது.

மூன்று வாரம் கழித்து, மூலத்தாள்களை அடுக்கும்போது அவர் தாள் மறுபடி கைக்கு வந்தது. இருபத்து நான்கில் மிகத் தெளிவான கையெழுத்து அதுதான். காவல் பணியில் பதிவேடு எழுதிய பழக்கம். 08:10 டீ-ஓ, பால் இல்லாமல். 13:00 கிரீம் கிராக்கர் பிஸ்கட் மூன்று, டீயில் நனைத்து. 19:30 மைலோ, பாதி வாழைப்பழம். நடுவில் இன்னொரு வரி: '12:15 சோறு எடுத்தேன். விழுங்க முடியவில்லை. திரும்ப வைத்தேன்.' சாப்பிடாத சோற்றுக்குப் பட்டியலில் எண் கிடையாது. பதியும்போது அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

அன்று மதியமே போனேன். கதவைத் திறந்தவரின் பெல்ட்டில் ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டைகள். நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். ஏன் அங்கிள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சர்ச்சுல இருந்து வாரா வாரம் வர்றாங்க, 'சாப்டீங்களா'ன்னு கேப்பாங்க, 'ஆச்சு'ம்பேன், அதுக்கு வேற பதில் உண்டாம்மா? நீ தாள் குடுத்த, தாள்ல பொய் எழுதக்கூடாது."

ஆயிரத்து ஐந்நூறு

அவர் வீட்டு வாசலில் நின்றே தாதியை அழைத்தேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரி. உணவுக்குழாயில் கட்டி. அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று தாதியிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கோப்பை மூடினார். பதினேழாவது வரியை மறுபடி சேர்த்து, காரணம் எழுதி, டாக்டர் புவனாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாம் சுற்றுக்கு வார்டுக்கே போனேன். வயிற்றில் குழாய். வேளைக்கு இருநூற்றைம்பது மில்லி வீதம் ஆறு வேளை சத்துப்பால். ஆயிரத்து ஐந்நூறு கலோரி, கூடாமல் குறையாமல். எழுதி முடித்ததும் அவரிடம் சொன்னேன். உங்கள் வரியைப் பிழை என்று நீக்கியது நான்தான் அங்கிள், மூன்று வாரம் யாரும் பார்க்காமல் போனது அதனால்தான். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அவர் தலையை என் பக்கம் திருப்பினார். "என்னிக்கு, எத்தன மணிக்கு எடுத்த?"

தெரியவில்லை என்றேன். குறிப்பில் தேதியும் இல்லை, என் பெயரும் இல்லை.

"அத எழுதணும்மா. டூட்டியில இருந்தது யாருன்னு பின்னால வர்றவனுக்குத் தெரிய வேணாமா?"

இரண்டாம் சுற்றில் இருபத்து நான்கு எண்களும் எல்லைக்குள் அடங்கின, இவ்வளவு சுத்தமான தரவு எங்கள் பிரிவில் வந்ததே இல்லை என்று எல்லோருக்கும் பாராட்டு மின்னஞ்சல் வந்தது.