கூடைக்கு வராத சீருடை

என் பதினொரு வயது மகள் நான்கு நாளாகத் தன் பள்ளிச் சீருடையைத் தானே துவைத்தாள். தட்டைக்கூடக் கழுவாதவள்! ஏதோ மறைக்கிறாள் என்று சந்தேகப்பட்டு அவள் பையைத் துழாவினேன். அடியில், காலுறைக்குள் பாதி தீர்ந்த சானிட்டரி பேட் பாக்கெட்.

"அம்மாகிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா அக்கா மாதிரி என்னையும் மேடையில உட்கார வெச்சு எல்லார்கிட்டயும் காட்டுவீங்கல்ல!"

போன மாதம் இவளுடைய பெரியப்பா மகளின் பூப்புச் சடங்கில், "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று இவள் கேட்டாள். "சும்மா இரு" என்று வாயை அடைத்தவள் நான்தான்.

பையைத் துழாவிய அன்றே, இவளுக்கு மேடை வேண்டாமென்று முடிவு செய்தோம். இப்போது கூட்டமான எம்ஆர்டி ரயிலில் அவள் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுகிறேன். அவள் பையை நான் தொடுவதில்லை. சீருடை மறுபடியும் என் துணிக்கூடைக்கே வருகிறது.