கேணல் கேட்ட பெயர்

"ஆமிக் காம்புக்கு நீயாவே போறியோ? முந்தி அவங்கள்தானே ஜீப்பில வந்து ஏத்திக்கொண்டு போறவங்கள்," என்று வெள்ளவத்தை வீட்டில் அண்ணா நக்கலடித்தார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனாலும் வேலை வேலைதானே.

படைப்பிரிவுகளுக்குள் என்ன குறை என்று சிப்பாய்களிடம் கேட்டறிந்து மேலதிகாரிக்கு ஆலோசனை சொல்ல, சில அதிகாரிகளுக்குப் பயிற்சி நடந்தது. அந்தப் பயிற்சி உருப்படியானதா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். குறை சொன்னவரின் பெயரை வெளியே விடக் கூடாது என்பதை வகுப்பில் எல்லாரும் தேவாரம் போல ஒப்புவித்தார்கள். ஒப்புவிப்பவர்களை நான் இலேசில் நம்புவதில்லை.

செய்முறைப் பரீட்சை ஒரு முகாமின் சமையலறையில் நடந்தது. இளம் கப்டன் ஒருவர் சமையல்காரச் சிப்பாய்களிடம் கதை கொடுத்துக் குறைகளைக் கேட்க வேண்டும். நான் மூலையில் இருந்து பார்க்க வேண்டும். "எல்லாம் ஹொந்தாய், நல்லாயிருக்கு சேர், ஒரு குறையும் இல்லை," என்று விறைத்து நின்றார்கள். பெஞ்சில் இருக்கச் சொன்னாலும் இருக்கவில்லை. கப்டன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். அவருக்குக் கண்ணீர் வழிந்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் இருந்தார்கள். கடைசியில் ஒருவர் வாய் திறந்தார். முகாமுக்குப் பொறுப்பான கேணலின் வீட்டு விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தால்தான் லீவு கிடைக்கிறதாம்.

மறுநாள் கேணலின் அறையில் கப்டன் அதைப் பக்குவமாகச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். கேணலின் முகம் கறுத்துவிட்டது.

"கவுத கிவ்வே? யார் சொன்னது?"

பெயர் வெளிவந்தால் அந்தச் சிப்பாய் தொலைந்தார். வராவிட்டால் கப்டனின் பாடு திண்டாட்டம். அவருடைய பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்ய வேண்டியவரே இந்தக் கேணல்தான். மேலதிகாரி கேட்டால் பதில் சொல்லியே வளர்ந்த பிள்ளை. கழுத்தெல்லாம் வியர்வை. பாவமாக இருந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தாலும் அவரைக் கோபிக்க எனக்கு மனம் வந்திராது.

அவர் விறைத்து நின்றபடியே, "சொல்ல முடியாது சேர்," என்றார்.

கேணல் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்களும் அங்கே இருந்தீர்கள்தானே?"

சீருடைக்காரர் கேட்டால் உடனே பெயர் சொல்லிப் பழகிய ஆள் நான். சண்டைக் காலத்துச் சோதனைச்சாவடியில் என் பெயர், அண்ணாவின் பெயர், எங்கள் வீட்டு அறையில் வாடகைக்கு இருந்தவரின் பெயர் எல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் வாய் தன்பாட்டில் திறந்தது. கப்டன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் சொல்ல மாட்டேன் சேர்," என்றேன்.