நடந்து பார்க்காத சப்பாத்து

மூன்று ஆண்டுகளுக்கு முன், பள்ளித் தவணை தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை அது. மலாக்கா மாநிலத்து ஜாசினுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேரமாக எழுதுகிறேன். பேனர், பேச்சு, சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி.க்காகக் காத்திருப்பது, கடைசியில் பிரியாணிப் பொட்டலம் என எல்லாம் எனக்கு மனப்பாடம். வண்டியை நிறுத்துவதற்குள் செய்தியில் பாதியை மனத்துக்குள் எழுதி முடித்திருந்தேன்.

இல்லத்தை நடத்துவது, மலாக்காவில் பல காலணிக் கடைகள் வைத்திருக்கும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெரியவர் ஒரு காலத்தில் சம்பள நாளன்று தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் சப்பாத்து கொண்டுபோய் விற்றவர். வசதி வந்ததும் இந்த நிலத்தை வாங்கி, பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும், இருந்தும் வளர்க்க முடியாதவர்களின் பிள்ளைகளுக்கும் இல்லம் கட்டினார். அவர் இறந்த பிறகும் ஆண்டுதோறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி புதுப் பள்ளிச் சப்பாத்து வந்துகொண்டிருந்தது. அன்று கொடுக்க வந்தவர் அவருடைய மருமகள். மறைந்த கணவர் டத்தோ பட்டம் பெற்றவர் என்பதால் எல்லோரும் அவரை டத்தின் என்றே அழைத்தார்கள். கூடவே, இப்போது வியாபாரத்தைக் கவனிக்கும் மகன்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பெட்டியை வாங்கி, கும்பிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர்கூடப் பெட்டியைத் திறக்கவில்லை. எனக்குப் படம் போதும். மகனுக்குப் போதவில்லை; என்னிடம் வந்தார்.

"மேடம், இன்னும் ஒண்ணே ஒண்ணு. அம்மா ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிவிடற மாதிரி. பேப்பர்ல நல்லா வரும்."

முன்னால் நின்ற ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிப்பவள், நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள் என்று இல்லப் பொறுப்பாளர் சொன்னார். டத்தின் குனிந்து கறுப்புச் சப்பாத்தை எடுத்தார். நான் லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் உள்ளே போவதற்கு முன்பே அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். மடக்கியபடியே குதிகாலை அழுத்தி நுழைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

படம் எடுத்தேன். டத்தின் எழுந்திருக்கவில்லை. சப்பாத்தின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கடையில் நின்றவர்களுக்கு அது கைப்பழக்கம்.

"விரல நீட்டு."

"சரியா இருக்கு டத்தின்."

"நீட்டும்மா."

"ஓகே லா டத்தின். போடப் போட லூசாயிடும்."

டத்தின் சப்பாத்தைக் கழற்றினார். குதிகாலுக்கு மேலே தோல் கறுத்துத் தடித்திருந்தது. "இது என்ன?"

அவள் இல்லப் பொறுப்பாளரைப் பார்த்தாள். சொன்னால் திமிர் பிடித்தவள் என்று பெயர். சொல்லாவிட்டால் இன்னொரு வருடம் புண்ணோடு பள்ளிக்குப் போக வேண்டும். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"போன வருஷத்து சப்பாத்தும் கடிச்சுது டத்தின். குடுத்ததுக்குக் குறை சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

டத்தின் பொறுப்பாளரிடம் கேட்டார்: "கால் அளவு யார் எடுக்கறா?"

"அளவு எடுக்கறதில்ல டத்தின். உங்க ஆபீஸ்ல வயசு மட்டும்தான் கேப்பாங்க."

மகன் குறுக்கிட்டார். "அம்மா, ஒய்.பி. வந்துகிட்டு இருக்காரு. அப்புறம் பாத்துக்கலாம்."

"வரட்டும். உக்கார நாற்காலி இருக்குல்ல?" என்றவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பெட்டியத் திறங்க. போட்டு நடந்து காட்டுங்க."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெட்டி திறந்தது, அடுத்தது திறந்தது, கொஞ்ச நேரத்தில் மண்டபம் சந்தைக்கடையாகிவிட்டது.

"டேய், இது சப்பாத்தாடா? செர்காம் படகு. போய் மீன் புடி!"

"உன்னுது எனக்குச் சரியா இருக்கு, குடு. நீ என்னுத எடுத்துக்க."

டத்தின் தரையில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு காலையும் அழுத்திப் பார்த்தார். நடுவில் ஒய்.பி. வந்தார். மேடையில் யாரும் இல்லாததால் சற்று நேரம் கைப்பேசியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். மாற்றிக்கொண்டது போக, ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு எதுவும் பொருந்தவில்லை. அந்தப் பெண்ணும் வெறுங்காலோடுதான் நின்றாள்.

"திங்கக்கிழமை ஸ்கூல். இப்பவே வேன்ல ஏத்தி கடைக்குக் கூட்டிட்டு வா," என்றார் டத்தின் மகனிடம்.

"இன்னிக்குக் கடையில கூட்டம்மா."

"கூட்டத்தோட உக்காரட்டும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றவருக்குக் கை கொடுத்தேன். அவர் என்னிடம்தான் பேசினாரா என்று தெரியவில்லை. "கடையில யார் வந்தாலும் போட்டு நடந்து பாருங்கன்னுதான் சொல்றோம். இத்தன வருஷமா இங்க ஒருத்தரையும் நடக்கச் சொல்லலையே." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

நானும் கடைக்குப் போனேன். அந்தப் பெண் புதுச் சப்பாத்தோடு வாசல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள், விற்பனைப் பெண்ணிடம் தலையை ஆட்டினாள். "லேசா கடிக்குதுக்கா." வேறு ஜோடி வந்தது. மறுபடியும் நடந்தாள். "இதுவும்தான்." இந்த முறை குரல் கொஞ்சம் உரத்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த டத்தின், கண்ணைத் திறக்காமலே, "இன்னொண்ணு எடுத்துக் குடு" என்றார்.

மறுநாள் நாளிதழில் வந்தது, பிள்ளைகள் மூடிய பெட்டிகளோடு வரிசையாகச் சிரிக்கும் படம். அதுதான் வரும் என்று எனக்கும் தெரியும்.

இன்றும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் போய், நன்றியுரைகளைக் குறித்துக்கொண்டு அலுப்போடு திரும்பும்போதெல்லாம், கொடுத்ததைப் பற்றி வாங்கியவர் பயமில்லாமல் குறை சொல்ல முடிகிற இடம்தான் நல்ல இடம் என்று தோன்றும். அப்படி இன்னோர் இடத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.