துலக்கி வைத்த அடுப்புகள்

அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து அடுப்பை எட்டிப் பார்ப்பது நம் பக்கம் மரியாதையான காரியம் இல்லை. எனக்கு அதுதான் உத்தியோகம்.

புகையைக் குறைப்போம் என்று உலகத்தின் முன்னால் வாக்குக் கொடுத்த ஒரு வெளிநாடு, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குப் புகை குறைவாக வரும் விறகடுப்பை இலவசமாகக் கொடுக்கிறது. இங்கே குறைகிற புகை அந்த நாட்டுக் கணக்கில் ஏறும். சொன்னபடி நடக்கிறதா என்று வருசத்துக்கு ஒருமுறை ஒரு தணிக்கையாளர் வந்து, சீட்டுக் குலுக்கிப் பத்து வீட்டைப் பார்ப்பார். மூன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எழுதிவிட்டால் ஊரே பட்டியலிலிருந்து போய்விடும். அப்புறம் உடைந்த அடுப்புக்கு மாற்று அடுப்பு கிடையாது. அவர் வருவதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்து வருவது என் வேலை. மேலதிகாரி வருகிறார் என்றாலே மேசையைத் துடைக்கும் அன்பர்களே, மீதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் தோண்டியவர்

வல்லத்திராக்கோட்டை தாண்டி ஒரு சின்ன ஊர். முதல் வீட்டுக்காரர் முருகேசன், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர். அடுப்பைப் படம் எடுக்க வேண்டும் என்றதும் வாசலிலேயே மறித்துக்கொண்டார். எந்த நாடு, என்ன வாக்கு, அதற்கு இவர் வீட்டுச் சமையல் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அவ்வளவு நன்றாக இல்லை.

கடைசியில் வழி விட்டார். விட்டுவிட்டுச் சொன்னார்: "பதினாலு வருசம் அங்க எண்ணெய் தோண்டுற எடத்துல வேலை பாத்தேன். அங்கிட்டு எவனும் வந்து எட்டிப் பாக்கல. எங்க வீட்டுல ரெண்டு சுள்ளி எரியிறதுதான் ஒங்க கண்ணுக்குத் தெரியிதாக்கும்?"

கோழி குடியிருந்த வீடு

மூன்றாவது வீடு பூங்கொடி என்பவருடையது. அடுப்பைக் காட்டச் சொன்னால் காபி குடிக்கச் சொன்னார். காபி முடிந்ததும் முறுக்கு வந்தது. பொறுமை போய் நானே கொல்லைப்புறம் போனேன். அடுப்பு வாய்க்குள் வைக்கோல். அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்து என்னை முறைத்தது. அடை காக்கிறதாம்.

சீட்டில் இந்த வீடு விழுந்தால் என்ன ஆகும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவரோ நிதானமாகச் சொன்னார்: "எனக்குக் கேஸ் இருக்குங்க மேடம். பாவம், அதுக்கு வேற எடம் ஏது?"

செல்வியின் அடுப்பு

ஊர்க் கோடியில் செல்வி இருந்தாள். முப்பத்தைந்து வயசுதான், ஆனால் நாலு எட்டு வைத்தால் இளைப்பு வந்துவிடும். விறகுப் புகை பக்கமே போகாதே என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுக்குக் கேஸ் கட்டுப்படி ஆகாது. எங்கள் அடுப்பு வந்த பிறகுதான் ராத்திரி படுத்துத் தூங்குகிறேன் என்றாள். அந்த அடுப்பும் இப்போது பக்கவாட்டில் விரிசல் விட்டுவிட்டது. களிமண் அப்பி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். தணிக்கை முடிந்தால்தான் புது அடுப்பு.

அடுப்பு முழுக்கக் கரி. தினமும் எரிகிற அடுப்புக்குக் கரிதானே சாட்சி? எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவளுக்கு வெட்கம், முந்தானையால் மறைக்கப் பார்த்தாள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லக் கூடாது, எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது குற்றம், தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விழுங்கிக்கொண்டேன். அவள் கேட்டாள்: "வெளிநாட்டுலேர்ந்து வர்றவுக இந்தக் கரியைப் பாத்தா என்னைய என்ன நெனப்பாகக்கா?"

விருந்தாளி வந்த நாள்

தணிக்கை நாளை யாருக்கும் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் மேலாளரே ஊருக்குள் ஒரு வீட்டில் மதியத்துக்கு நாட்டுக்கோழி சொல்லி வைத்திருந்தார். அப்புறம் என்ன ரகசியம்? நாங்கள் போய் இறங்கியபோது வாசலெல்லாம் கோலம்.

தணிக்கையாளர் ஒரு வெளிநாட்டு அம்மா, கூடவே திருச்சியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். கடலைக்காட்டு வேலைக்குப் போய்விட்டதால் துலக்க நேரமில்லாத ஆறு வீடு தேறியது. பூங்கொடி முந்தின நாள் கோழியை இறக்கிவிட்டு ஒரு கட்டு விறகை எரித்திருந்தார், அவரும் தேறினார்! இரண்டு வீட்டில் புளி போட்டு விளக்கி, குங்குமம் வைத்து, குத்துவிளக்கு மாதிரி அடுப்பை நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மா உள்ளே விரலை விட்டார், விரலைப் பார்த்தார், எரியவில்லை என்று எழுதினார். இன்னும் ஒரு வீடு போனால் ஊரே போய்விடும்.

பத்தாவது சீட்டு செல்வி. அவளுக்கு முடியவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முந்தின சாயங்காலமே வந்து, அவள் அடுப்பைப் பளபளவென்று துலக்கி, மறுநாளைக்கும் சேர்த்துச் சோறும் கொடுத்திருந்தார்கள். இன்றைக்குப் பற்றவைத்தாயா என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர். இல்லைங்க என்று உண்மையைச் சொன்னாள் செல்வி. இது தினமும் எரிகிற அடுப்பு என்று நான் கத்தியிருக்க வேண்டும். தணிக்கை நடுவே நாங்கள் வாய் திறப்பதும் குற்றம், மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். பேசாமல் நின்றேன், பாவி. விரல் உள்ளே போய் வெள்ளையாக வெளியே வந்தது.

வண்டி ஏறும்போது மொழிபெயர்ப்பாளர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நீங்க ஒரு எடத்துலகூடக் குறுக்க பேசலையாம் மேடம். ரொம்ப நேர்மையான ஆளுன்னு ரிப்போர்ட்ல எழுதுறாங்களாம்."

போய்ச் சொன்ன நாள்

ஊர் பட்டியலில் இல்லை என்று தாள் வந்தது. போனில் சொல்லியிருக்கலாம், மனசு கேட்காமல் நேரில் போனேன். எங்கள் அடுப்பின் களிமண் ஒட்டும் விட்டுப்போய், செல்வி மூன்று கல்லைக் கூட்டி ஊதிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் புகை. சுத்தமாக இருந்ததால்தான் போயிற்று என்று மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் இருமினாள்.

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: "கரி இருந்தாத்தான் தேறும்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்லக்கா. தொடைக்காதடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மூச்சு விட்டுருப்பேன்ல."

உலகத்துக்குக் கொடுத்த வாக்கைச் சரிபார்க்கும் எங்கள் தொழிலில் எந்த விதி மீறப்பட்டாலும், தெரிந்ததைச் சொல்லக் கூடாது என்கிற விதியை மட்டும் நாங்கள் யாரும் மீறுவதே இல்லை.