வி.பி.பி.யில் வந்த முதல் பரிசு

காலையில் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது மனோரமாவின் வேலை. ராட்டை முன் உட்கார்ந்துவிட்டால் கண் எங்கோ இருக்கும், கை பார்த்துக்கொள்ளும். ஆர்.கே.பேட்டையில் பிறந்து பதினேழு வயதில் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டவள். முதலாளி தரும் நூல்கட்டைக் கையில் வாங்கியதுமே, தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறார்கள் என்று திருப்பி நீட்டிவிடுவாள். காயவைத்துத் தராசில் போட்டால் அவள் சொன்னதுதான். பதினைந்து வருஷம் கூலிக்கு நெய்து மிச்சம் பிடித்த பணம், சொந்தமாகப் பாவு போட்டு நெய்வதற்காக அரிசிப் பானைக்குள் இருந்தது.

அவள் புருஷன் சுந்தரமூர்த்தி பத்திரிகையில் வந்த எண் போட்டிக்கு எழுதிப் போட்டிருந்தான். ஒன்பது கட்டம், எப்படிக் கூட்டினாலும் பதினைந்து. இழைக் கணக்கு போடுகிறவனுக்கு அது பீடி பிடிக்கிற நேரத்து வேலை. வடக்கே எங்கிருந்தோ பதில் வந்தது. முதல் பரிசு, முந்நூறு ரூபாய் டிரான்சிஸ்டர். பார்சல் செலவு எழுபத்தெட்டு ரூபாய் கட்டினால் போதும். பள்ளிப்பட்டில் அவன் அக்கா புருஷன் வீட்டில் போன வருஷமே ரேடியோ வந்தாயிற்று. மச்சானுக்குப் பாட்டு கேட்க டீக்கடைதான் கதி என்று கேலி பேசும் அந்தப் பாவாவை, ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிக் கடிதாசி போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை தபால்காரர் துளசிங்கம் வி.பி.பி. பார்சலோடு வந்தார். பணம் கட்டின பிறகுதான் பிரிக்கலாம் என்றார். மனோரமா எழுந்து வந்து அதை வலது கையில் ஒருமுறை, இடது கையில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

"பாவா வூட்டு ரேடியோவைத் தூக்கியிருக்கேன். இது அளவுல அதுல பாதிகூட இல்ல, கனம் ரெண்டு மடங்கு. திருப்பி அனுப்பிடுங்கண்ணே."

"நூல்கட்டா எடை போட்டுகினு இருக்கே? நான் கணக்கு போட்டு ஜெயிச்சது இது."

"நீ போட்ட கணக்கு சரிதான்யா. உள்ள கல்லு வெச்சிருக்கான்."

பானையிலிருந்து பணத்தை எடுக்கச் சொன்னான். அவள் ராட்டைக்குத் திரும்பிப் போய் அறுந்த இழையை முடிந்தாள். துளசிங்கம் இரண்டு பேரையும் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வாங்க மறுத்ததாக எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சுந்தரமூர்த்தி சட்டையை மாட்டினான்.

"ஞாயித்துக்கிழமை பாவா வந்து நிப்பாரு. இன்னான்னு சொல்றது?"

ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, அவன் வெளியே போனான்.