நீங்களாகவே விழுகிறீர்களா?

மேடையில் எதிராளியாக வந்து கீழே விழுவதும் ஒரு தொழில்தான். அதில் முதுகுவலிக்குத் தைலம் உண்டு, பார்ப்பவர்கள் பேச்சுக்கு இல்லை. ஒழுங்காக வேலை செய்துவிட்டு ‘சும்மா நடிக்கிறான்’ என்று பேர் வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

எங்கள் மாஸ்டர் ஷமீம் ஒல்லியான பெண்மணி. அடையாறில் பெண்களுக்குத் தற்காப்புக் கலை சொல்லித் தருகிறார். நான் தொண்ணூறு கிலோ. நிகழ்ச்சிகளில் நான் அவர் மேல் பாய்வேன். அவர் என் மணிக்கட்டைத் திருகித் தூக்கிப் போடுவார். கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வகுப்பு தொடங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ‘நேரில் பார்த்து, நிஜம் என்று தெரிந்தால்தான் அனுமதி’ என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

மயிலாப்பூர் ரசிகர்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா. பறந்து பறந்து விழுந்தேன். நல்ல கைதட்டல். சட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கியபோது முன்வரிசை மாமா ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனசு குளிர்ந்துபோனது. அவர் கையை விடாமல் அருகே இழுத்துச் சொன்னார்: “பேஷா விழறேள் சார். எங்காத்துப் பேரன் டிராமால சேர்ந்திருக்கான். அவனுக்கும் கொஞ்சம் சொல்லித் தருவேளா?”

வீட்டு விசாரணை

கையைத் திருகும்போது உடம்பும் அந்தப் பக்கமே போகாவிட்டால் மணிக்கட்டு காலி. அதனால் நாங்கள் கொஞ்சம் ஒத்துப்போய்த்தான் விழுவோம். அது நடிப்பா என்ன? எரிச்சலோடு என் மனைவி கலாவிடம் இதை விளக்கினேன். முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டவள், கடைசியில் சொன்னாள்: “அப்ப அந்த மாமா சொன்னதுல பாதி சரிதானே?”

சைதாப்பேட்டையில் மானம் போனது

மார்க்கெட் பக்கம் தெருவில் மேடை. விரிப்பு மெலிசு. எங்கே விழுந்தால் அடிபடாது என்பதிலேயே என் கவனம் இருந்தது. மாஸ்டர் கையை நீட்டினார்; பழகிய உடம்பு, அவர் தொடுவதற்குள் பறந்துவிட்டது. ஒரே விசில். ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்: “இன்னா நைனா, அந்தக்கா கையே வெக்கல, நீ பாட்டுக்கு வுயுந்துகினு கீற?”

எனக்கு முகம் எரிந்தது. ரயில் நிலையம் வரை மாஸ்டர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பிளாட்பாரத்தில் நின்றதும் சொன்னார்: “பாபு அண்ணே, இனிமே நீங்க எனக்காக விழ வேணாம். நான் தள்ளினா விழுங்க, இல்லேன்னா நில்லுங்க.”

நிற்கும் பயிற்சி

நின்றேன். மாஸ்டரால் என்னை அசைக்க முடியவில்லை. வாரக்கணக்கில் முடியவில்லை. அவர் சோர்ந்துபோகவும் இல்லை. காலை மாற்றி வைப்பார், இடுப்பைத் தாழ்த்துவார், மறுபடி முதலிலிருந்து. பிறகு சில நாள் விழுந்தேன், பல நாள் நின்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாள் நெருங்கியதும் எனக்குத்தான் பயம் வந்தது. “அன்னிக்கு மட்டும் பழையபடி விழுந்துடட்டுமா மாஸ்டர்?” என்றேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் பொண்ணுங்களை நாளைக்கு எவனாவது பிடிச்சான்னா, அவன் இரக்கப்பட்டு விழ மாட்டான் அண்ணே.”

கோபாலபுரம்

பள்ளி மைதானம் நிறையப் பெண்கள். முன்னால் தலைமையாசிரியை. பாய்ந்து பிடித்தேன். மாஸ்டர் இழுத்தார், நான் அசையவில்லை. பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விழுந்து தொலைக்கலாமா என்று முழங்கால் லேசாக மடங்கியது. மாஸ்டர் என்னை முறைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நொடி அவர் என் கைக்குள் புகுந்து, இடுப்பை அண்டக்கொடுத்துத் தூக்கினார். வானம் தெரிந்தது. “ஐயோ அம்மா” என்று கத்திக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தேன். அக்குளில் சட்டை கிழிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. முதல் வரிசையில் இருந்த பெண் எழுந்து சொன்னாள்: “மிஸ், இவர் நடிக்கல. நடிக்கிறவங்க இவ்வளவு கேவலமா விழ மாட்டாங்க.”

வகுப்பு திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது. அழகாக விழுந்த காலமெல்லாம் கிடைக்காத நற்சான்றை, கேவலமாக விழுந்துதான் வாங்க வேண்டியிருந்தது.